நெல்லுச் சாக்கும் சைக்கிள் கோச்சியும்

எங்கள் வேதக் கோயிலில் பூசையின் முடிவில் சுவாமியார் அறிவித்தல்கள் வாசிக்கும்போது என் மகள் வழக்கமாக என் மடியில் நித்திரையாகிவிடுவாள். அன்றைக்கென்று பார்த்து விழித்திருந்தாள்.

"வருகிற ஞாயிறு, காலைப் பூசைக்குப் பிறகு, குடும்பங்களுக்கான சைக்கிள் சுற்று ஒன்று நடக்கும். பிள்ளைகளுக்குக் கிளிநொச்சி நகரத்தையும் பரந்தனையும் காட்டுவதற்காக. வழிகாட்டி, எங்கள் ஸ்ரேசன்காரர்" என்று சுவாமியார் வாசித்தார். அவர் தாளை மடிக்கும் முன்பே மகள் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, நாங்களும் போவம்."

கோயில் முழுவதற்கும் கேட்டது. பின்வாங்கில் யாரோ சிரித்தார்கள். நான் தலையை ஆட்டினேன். ஓம் என்றும் எடுக்கலாம், இல்லை என்றும் எடுக்கலாம் என்ற மாதிரியான ஆட்டல் அது. மகள் ஓம் என்றே எடுத்துக்கொண்டாள்.

கிளிநொச்சியில் இருந்துகொண்டே கிளிநொச்சியைச் சுற்றிப் பார்க்கப் போவது இப்போது கேட்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். எங்கள் பிள்ளைகளுக்கு அந்த ஊரில் பங்கர் இருந்த வளவும், பள்ளிக்கூடமும், கோயிலும்தான் தெரியும். சத்தம் கேட்டால் ஓடி இறங்கக்கூடிய தூரத்திலேயே அவர்களை வளர்த்தோம். மகளுக்கு ஐந்து வயது. வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்த குளத்தின் அணைக்கட்டைக்கூட அவள் பார்த்ததில்லை. தொண்ணூற்றைந்தின் தொடக்கத்தில் அந்தச் சில மாதங்கள்தான் அரசும் இயக்கமும் பேசின, சமாதானம் என்று சொன்னார்கள். குண்டு போடுகிற பொம்பர் வரவில்லை. கடைகளில் மெழுகுதிரியும் பற்றரியும் வைத்திருந்தார்கள். காலபோக அறுவடையும் நன்றாக இருந்தது. சனம் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தது.

ஸ்ரேசன்காரர் என்பவர் எங்கள் ரயில் நிலையத்தில் ரிக்கற் கொடுத்துக்கொண்டிருந்தவர். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். ரயில் வருவது நின்ற பிறகு வீட்டு வளவில் மிளகாய்க் கன்று வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஆனால் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் ரிக்கற்றில் துளை போடுகிற குறடும் இன்னும் அவர் வீட்டு அலுமாரிக்குள் இருந்தன. ஊரில் எதையாவது முறையாக நடத்தவேண்டுமென்றால் அவரைக் கேட்பார்கள். சரியான நேரத்துக்குத் தொடங்குவார். முடிவது அவர் கையில் இல்லை.

அன்று மத்தியானம் என் கணவரிடம் கேட்டேன். அவர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞர். எதற்கும் பதறாத மனிதர். அந்தக் குணத்துக்காகத்தான் அவரைக் கட்டினேன், அதே குணத்துக்காகத்தான் நாளுக்கு மூன்று தரம் எரிச்சலும் படுவேன்.

"இஞ்சருங்கோ, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போறது பாதுகாப்பாய் இருக்குமோ?"

"ஏன், போகலாம்தானே."

"அதைத்தான் கேக்கிறன். போகலாமோ?"

"போகலாம் எண்டுதானே சொன்னனான்."

"நீங்கள் யோசிக்காமல் சொல்லுறீங்கள்."

"நீர் ரெண்டு பேருக்கும் சேர்த்து யோசிக்கிறீர்தானே" என்று சொல்லிவிட்டு அவர் சோற்றுக்கு மேல் மீன்குழம்பை விட்டார்.

எனக்குப் பயம் இரண்டு. ஒன்று மேலே, ஒன்று கீழே. மேலே இருந்ததைப் பற்றிச் செய்வதற்கு அதிகம் இல்லை. கீழே இருந்தது சைக்கிள் கம்பி. பின் கரியரில் இருக்கிற பிள்ளையின் கால் சில்லுக் கம்பிக்குள் போனால் குதிக்கால் சதையை எடுத்துவிடும். எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் மூத்த மகளுக்கு அப்படித்தான் நடந்தது. தையல் போட்டு, புண் மாறி, இப்போது அவள் எங்கள் எல்லோரையும் விட வேகமாக ஓடுவாள். ஆனால் அன்றைக்கு அந்தக் காலைத் துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடியவள் நான். என் சட்டையில் பட்ட கறை போன பிறகும் அந்தச் சட்டையை நான் போடவில்லை.

பக்கத்து வீட்டு அக்காவும் என்னைப் போல முல்லைத்தீவுக் கரையிலிருந்து கலியாணம் கட்டி வந்தவ. அவ போவதென்று முடிவு செய்து, இரண்டு பிள்ளைகளுக்கும் தொப்பிகூடத் தேடி வைத்துவிட்டா.

"அக்கா, உங்களுக்குப் பயமில்லையோ? பிள்ளையின்ர கால்..."

"கம்பிக்குள்ள கால் போனது என்ர பிள்ளைக்கு. பயம் பிடிச்சது உனக்கு" என்றா. "ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொண்டு. எனக்கு மாடு எண்டால் பயம். அதுக்காக பால் குடிக்காமல் விட்டனானோ?"

அவவோடு கதைத்தால் பயம் போகாது, ஆனால் வெட்கமாக இருக்கும். அதனால் வழிகாட்டியையே நேரில் கேட்பதென்று போனேன். அவர் மிளகாய்ப் பாத்திக்கு வாளியால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, பரந்தனில ஆலைக்குள்ளயும் கூட்டிக்கொண்டு போவீங்களோ?" பரந்தனில் இருந்த இரசாயன ஆலை அப்போது பூட்டிக் கிடந்தது.

"வாசலில வைச்சுக் காட்டுவன்."

"வாசலெண்டால் உள்ளயோ வெளியிலயோ?"

"வெளியில, பிள்ளை."

"வேலிக்கு வெளியிலயோ? உள்ள பழைய தாங்கியள் கிடக்கும். பிள்ளையள் கையை வைப்பினம்."

"வேலிக்கு வெளியில. அதுக்கும் தள்ளி நிக்கவேணுமெண்டால் அங்கால கொக்காவில் ஊரில நிண்டுதான் எட்டிப் பாக்கவேணும்."

நான் சிரிக்கவில்லை. அடுத்த கேள்வியைத் தொடங்கினேன். உழவு இயந்திரங்கள் வந்தால்? காற்றுப் போனால் யாரிடம் காற்றடிக்கிற பம் இருக்கிறது? பிள்ளைகள் தண்ணீர் கேட்டால்? அவர் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினார்.

"எல்லாரும் கோச்சி மாதிரித்தான் போறது" என்றார். "நான் முன்னுக்கு, இஞ்சின். பின்னுக்கு ஒரு கார்ட். இடையில பெட்டியள். ஒரு சைக்கிளுக்கும் அடுத்த சைக்கிளுக்கும் நல்ல இடைவெளி விடவேணும். கூட்டமாய்ப் போகப்படாது."

"ஏன் கூட்டமாய்ப் போகப்படாது?"

அவர் வாளியைக் கீழே வைத்தார். நாடியை மட்டும் வானத்துப் பக்கம் உயர்த்திக் காட்டினார்.

"இப்ப சமாதானமெல்லோ அண்ணை?"

"சமாதானம்தான். ஆனாலும் பெட்டியள் ஒண்டோட ஒண்டு முட்டக்கூடாது" என்று சொல்லி வாளியைக் கவிழ்த்தார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த இடைவெளியைப் பற்றியே நினைத்தேன். மேலே இருந்து பார்ப்பவனுக்காக விடுகிற இடைவெளி, கீழே என் பிள்ளை விழுந்தால் பின்னால் வருபவருக்குத் தெரியாத இடைவெளியும்தான். ஒரு பயத்துக்குச் செய்கிற காரியம் மற்றப் பயத்தைக் கூட்டியது. இதை என் கணவரிடம் சொன்னபோது, அவர் ஸ்ரேசன்காரரிடம் போய், தானே கார்ட் வேலை பார்ப்பதாகச் சொல்லிவிட்டு வந்தார். சிவப்புக் கொடி முன்னால் போகிற இஞ்சினிடமே இருக்கும் என்பதில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

"அப்ப பிள்ளை உங்கட சைக்கிளில வரேலாது. நீங்கள் பின்னுக்கும் முன்னுக்கும் ஓடித் திரிவீங்கள்."

"ஓம். உம்மட கரியரில வரட்டும். நான் உமக்குப் பின்னாலதான் வருவன். பிள்ளை விழுந்தால் என்ர முன்சில்லுக்கு முன்னாலதான் விழும்."

அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார்.

வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் இரண்டு தரம் போவதென்றும் இரண்டு தரம் போவதில்லை என்றும் முடிவெடுத்தேன். சனிக்கிழமை காலையில் ஒரு யோசனை வந்தது. பிள்ளை இல்லாமல் அந்தப் பாதையை ஒருக்கா ஓடிப் பார்த்தால் என்ன? ஆனால் வெறும் சைக்கிளில் போனால் ஒன்றும் தெரியாது. பின்னால் பாரம் வேண்டும். கணவர் சங்கத்துக்குப் போக முன்னர் மகளைத் தூக்கிப் பார்த்து, பிறகு நெல்லுச் சாக்கைத் தூக்கிப் பார்த்து, கொஞ்ச நெல்லை அள்ளிக் கொட்டி, மறுபடி மகளைத் தூக்கிப் பார்த்து, "இப்ப சரி" என்றார். மகளுக்கு அது பெரிய விளையாட்டு. "நான்தான் கூட நிறை" என்று சாக்கைப் பார்த்துச் சொன்னாள்.

பிள்ளை கால் வைப்பதற்காகப் பின்சில்லின் அச்சோடு இரண்டு பக்கமும் சிறு பலகைத் துண்டுகளை அவர் பூட்டித் தந்திருந்தார். அந்தப் பலகையோடு காலைக் கட்டிவிட்டால் கம்பிக்குள் போகாது என்பது என் கண்டுபிடிப்பு. பழைய ரியூப்பை நீளமாகக் கீறி எடுத்து, சாக்கின் இரண்டு அடி மூலைகளையும் கால்கள் மாதிரி இழுத்துப் பலகைகளோடு கட்டினேன். மகளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டேன்.

கரடிப்போக்குச் சந்தியில் ஒருவர், "அக்கா, மில் அங்கால!" என்று கையைக் காட்டினார். நன்றி சொல்லிவிட்டு நேரே போனேன். பரந்தன் வீதியில் பாதித் தார் ரோட்டை நெல் பரப்பி மூடியிருந்தார்கள். வெயிலுக்குக் காயப்போட்டது. அதன் ஓரத்தில் சில்லுப் பட்டதும் சைக்கிள் ஒரு பக்கம் சறுக்கியது. இறங்கி நின்று, ஞாயிற்றுக்கிழமை இந்த இடத்தில் எல்லோரும் இறங்கி உருட்டவேண்டும் என்று மனத்தில் குறித்துக்கொண்டேன். நெல்லைக் காலால் கிண்டிக்கொண்டிருந்த பெண் என் கரியரைப் பார்த்தா.

"இதையும் கொட்டிக் காயவிடப் போறீங்களோ?"

"இல்லை அக்கா. இது... பிள்ளை."

அவ என்னை ஏற இறங்கப் பார்த்தா. விளக்கம் சொல்ல எனக்குப் பொறுமை இருக்கவில்லை. அவவுக்கும் கேட்க விருப்பம் இருக்கவில்லை.

பரந்தன் ஆலை வேலிக்கு வெளியில் நின்று, பிள்ளைகள் கை நீட்டினால் என்ன எட்டும் என்று பார்த்தேன். ஒன்றும் எட்டாது. திரும்பும் வழி பழைய ரயில்பாதை. தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டைகளையும் பங்கருக்குக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சல்லிக்கல் மேடும் அதன் பக்கத்தில் சைக்கிள் ஓடி ஓடி விழுந்த ஒற்றைத் தடமும் மிஞ்சியிருந்தன. இரண்டு பக்கமும் அறுத்த வயல். அந்தக் குலுக்கலில் என் பல்லே ஆடியது. ஆனால் சாக்கு ஆடவில்லை. ரியூப் கட்டு அப்படியே நின்றது. திரும்பி வரும்போது கரடிப்போக்கில் அதே மனிதர், "என்ன, மில் பூட்டோ?" என்று பரிதாபமாகக் கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும், "பாதுகாப்புத்தான். போவம்" என்று மகளுக்குச் சொன்னேன். சொன்னதும் என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. சரியாகப் பரீட்சை செய்து பார்த்தவளுக்கு வருகிற நிம்மதி அது.

ஒன்றை மட்டும் அன்று பின்னேரமும் யோசித்துக்கொண்டிருந்தேன், எந்த முடிச்சுப் போடுவதென்று. என் தகப்பனார் வள்ளத்தைக் கரைக் கம்பத்தில் கட்டும்போது ஒரு முடிச்சுப் போடுவார். அலை எவ்வளவு இழுத்தாலும் இறுகும். ஆனால் தொங்குகிற நுனியை ஒருதரம் இழுத்தால் முழுதாக அவிழ்ந்துவிடும். சின்ன வயதில் வள்ளத்தடியில் நின்று அதைப் போட்டுப் பழகியிருக்கிறேன். ஆனால் என் மகளின் கை சும்மா இருக்கிற கை அல்ல. சட்டைப் பொத்தானை அவிழ்ப்பாள், பக்கத்தில் இருப்பவரின் சங்கிலிக் கொக்கியை அவிழ்ப்பாள். ஒருதரம் பூசையில் முன்வாங்கில் இருந்த பெண்ணின் பின்னலை அவிழ்த்தாள். அவளுக்கு எட்டும் இடத்தில், இழுத்தால் அவிழும் முடிச்சா? வேண்டாம் என்று, சாக்குக்குப் போட்ட அதே இறுக்க முடிச்சை இரட்டையாகப் போடுவதென்று தீர்மானித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. கரியரில் தலையணை கட்டியவர்கள், பாரில் சின்னச் சீற் பூட்டியவர்கள், தண்ணீர்ப் போத்தலை ஹாண்டிலில் தொங்கவிட்டவர்கள். ஸ்ரேசன்காரர் வெள்ளைச் சேட்டும் வெள்ளைக் காற்சட்டையும் போட்டு, கக்கத்தில் கொடிகளோடு வந்தார். நான் மகளைப் பழைய சேலை மடிப்பின் மேல் இருத்தி, இரண்டு கால்களையும் பலகையோடு கட்டினேன். பக்கத்து வீட்டு அக்கா குனிந்து பார்த்தா.

"என்னடி, பிள்ளையை ஏற்றுமதி செய்யப் போறியோ?"

"குலுங்கும் அக்கா."

"குலுங்கட்டும். பிள்ளை என்ன முட்டையே, உடையிறதுக்கு?"

விசில் ஊதியது. பச்சைக் கொடி அசைந்தது. சைக்கிள் கோச்சி புறப்பட்டது.

முதல் மணித்தியாலம் நான் நினைத்ததை விட நல்லதாக இருந்தது. நெல் பரப்பிய இடத்தில் எல்லோரும் இறங்கி உருட்டினோம். நேற்றுப் பார்த்த பெண் என்னை அடையாளம் கண்டு, கரியரைப் பார்த்து, "ஓ, பிள்ளைதான்!" என்றா. மகள் கையசைத்தாள். ஆலை வேலிக்கு வெளியில் நின்று ஸ்ரேசன்காரர் அங்கே என்ன செய்தார்கள் என்று சொன்னார். பிள்ளைகள் ஆலையைப் பார்க்காமல் வேலியில் இருந்த ஓணானைப் பார்த்தார்கள். என் முதுகுக்குப் பின்னால் மகள் ஓயாமல் கதைத்துக்கொண்டு வந்தாள். அது என்ன மரம், அது யாருடைய மாடு, ஏன் அந்த வீட்டுக்குக் கூரை இல்லை. சிலவற்றுக்குப் பதில் சொன்னேன். கூரைக்கு மட்டும், வயலில் நின்ற கொக்கைக் காட்டினேன்.

ரயில்பாதையில் பாதித் தூரம் வந்திருப்போம். அந்தச் சத்தம் கேட்டது.

தெற்குப் பக்கமிருந்து, தூரத்தில், ஹெலிகொப்டரின், எங்கள் வாயில் கெலியின், படபடப்பு. அதை அடையாளம் காண எங்கள் ஊரில் எவருக்கும் காது தேவையில்லை, வயிறு போதும். யாரும் கத்தவில்லை. முன்னால் போன சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. பெரியவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டின் ஓரமாக இருந்த வாய்க்காலுக்குள் விழுந்தார்கள். பக்கத்து வீட்டு அக்காவின் பிள்ளைகள் தாயை விட முன்னே குதித்தார்கள். சமாதானம் என்பது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

நானும் குதித்து இறங்கி மகளைத் தூக்கினேன். அவள் வரவில்லை. அவளோடு சைக்கிளும் சேர்ந்து வந்தது.

கால்களைக் கட்டியிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. குனிந்து முடிச்சைப் பிடித்தேன். ரியூப் இறுகிக் கல்லாகியிருந்தது. நகம் உள்ளே போகவில்லை. இரட்டை முடிச்சு. நானே போட்டது. சைக்கிளைச் சரித்தால் பிள்ளை அதற்குக் கீழே. விட்டால் விழும். மேட்டின் உச்சியில், ஒரு மரமும் இல்லாத வெளியில், நான் சைக்கிளைக் கால்களுக்கிடையில் பிடித்துக்கொண்டு மகளின் மேல் கவிழ்ந்து நின்றேன். நேற்று அந்தச் சாக்கை ஊரெல்லாம் ஏற்றிக்கொண்டு திரிந்தேன். சாக்கு ஒருநாளும் குதித்து இறங்கவேண்டியதில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை.

என் நெஞ்சுக்குக் கீழே இருந்து மகளின் குரல் வந்தது.

"அம்மா, மூச்சு முட்டுது."

"பேசாமல் இரு."

"அம்மா, அது சும்மா போகுது."

தலையை உயர்த்திப் பார்த்தேன். கெலி உயரத்தில், வட்டமடிக்காமல், கீழே பதியாமல், நேரே வடக்குப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்துக்குப் பேச்சுவார்த்தைக்கு ஆட்களைக் கொண்டு போனதாக இருக்கலாம் என்று பிறகு சொன்னார்கள். சத்தம் தேய்ந்து, வயலில் கொக்குகள் திரும்பவும் இறங்கின.

வாய்க்காலுக்குள் இருந்து ஒவ்வொருவராக எழும்பினார்கள். ஸ்ரேசன்காரரின் வெள்ளைச் சேட்டும் காற்சட்டையும் முழுக்கச் சேறு. ஆனால் அவர் முகம் குப்புற விழுந்து கிடந்த நேரம் முழுவதும் சிவப்புக் கொடியை மட்டும் மேலே தூக்கிப் பிடித்திருந்திருக்கிறார். எழும்பிய பிறகும் கை இறங்கவில்லை.

"கெலிக்கும் சிவப்புக் கொடி காட்டினீங்களோ அண்ணை?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டா.

அவர் கொடியைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார். "நிண்டிருந்தால் ரிக்கற் கேட்டிருப்பன்" என்றார்.

சனம் சிரிக்கத் தொடங்கியது. சேற்றோடு, பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, கண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தார்கள். நான் மட்டும் இன்னும் முடிச்சைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். பிந்திய ஒரு சைக்கிளுக்காகப் பின்தங்கியிருந்த என் கணவர் ஓடி வந்தார். அவர் சைக்கிள் தூரத்தில் விழுந்து கிடந்தது. அவர் வாய்க்காலுக்குள் இறங்கவில்லை, எங்களை நோக்கித்தான் ஓடியிருக்கிறார் என்பது அவருடைய துப்பரவான உடுப்பில் தெரிந்தது. குனிந்து முடிச்சைப் பார்த்தார். பல்லால் கடித்தார். கடைசியில் யாரோ கொடுத்த பேனாக்கத்தியால் அறுத்தார். கட்டு இறுகிய இடத்தைத் தன் பெருவிரலால் தேய்த்துவிட்டார்.

"நாங்கள் வீட்டை போவம்" என்றேன்.

மகளின் உதடு பிதுங்கியது. "ஸ்ரேசன் இன்னும் பாக்கேல்லை."

"இன்னொரு நாளைக்குப் பாப்பம்."

"இன்னொரு நாள் எப்ப?"

நான் கணவரைப் பார்த்தேன். கணவர் என்னைப் பார்த்தார். "நீர் சொல்லும்" என்றார். "நீர் என்ன சொல்லுறீரோ அதுதான்." அவர் பாரத்தை என் தலையில் போடவில்லை. நான் பதறிக்கொண்டுதான் யோசிப்பேன், ஆனால் யோசிப்பேன் என்று அவருக்குத் தெரியும்.

சல்லிக்கல்லின் மேல் இருந்து யோசித்தேன். கால் கட்டாமல் போனால் கம்பி. கட்டிக்கொண்டு போனால் கெலி. இங்கிருந்து வீட்டுக்குத் திரும்பிப் போனாலும் இதே பாதைதான், இதே கம்பிதான், இதே வானம்தான். திரும்பிப் போவது பாதுகாப்பு என்று நான் நினைத்ததில் கணக்கு ஒன்றும் இல்லை. மகள் பக்கத்தில் நின்று, விடுபட்ட காலால் ஒரு கல்லை உருட்டிக்கொண்டிருந்தாள்.

அறுத்ததில் கட்டுவதற்கு நீளமான ரியூப் துண்டு ஒன்று மிஞ்சியிருந்தது. இரண்டாவது காலுக்குக் கணவர் தன் சேட்டுப் பையிலிருந்த கைலேஞ்சியைக் கிழித்துத் தந்தார். மகளைத் திரும்பவும் கரியரில் இருத்தி, என் தகப்பனார் வள்ளத்துக்குப் போடுகிற முடிச்சைப் போட்டேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் விரல்கள் மறக்கவில்லை. இரண்டு நுனிகளையும் நீளமாக விட்டு, மேலே கொண்டுவந்து, மகளின் கையில் கொடுத்தேன்.

"இதைப் பிடி. சும்மா இழுக்கக்கூடாது. அம்மா 'இறங்கு' எண்டு சொன்னால், இல்லாட்டி அந்தச் சத்தம் கேட்டால், இழு. இழுத்துப்போட்டுக் குதி. விளங்கிச்சோ?"

"ஓம்."

"இப்ப இழு பாப்பம்."

இழுத்தாள். இரண்டு கால்களும் ஒரேயடியாக விடுபட்டன. அவள் கண் அகன்றது. குதித்தாள்.

"திரும்பக் கட்டுங்கோ!"

திரும்பக் கட்டினேன். திரும்ப இழுத்தாள். மூன்றாவது தரமும் கேட்டாள். பக்கத்து வீட்டு அக்கா தன் சின்னவளைக் கொண்டுவந்து நிறுத்தி, "இவளுக்கும் ஒருக்காக் கட்டடி" என்றா. பிறகு இன்னொரு தாய் வந்தா. ஏற்றுமதி என்று சிரித்தவர்களே காலை நீட்டிக்கொண்டு நின்றார்கள். சேலைக் கரை, ரியூப், சணல், பள்ளிக்கூடக் கழுத்து ரை, கிடைத்தது எல்லாவற்றாலும் கட்டினேன். ஸ்ரேசன்காரர் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் பொறுமை இழந்து விசில் ஊதினார்.

"கோச்சி பிந்துது, பிள்ளையள்!"

"எந்தக் கோச்சிதான் நேரத்துக்கு வந்தது அண்ணை?" என்று யாரோ கேட்டார்கள்.

நாங்கள் போனோம். என் முதுகுக்குப் பின்னால் நுனியைப் பிடித்திருந்த கை சும்மா இருக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அவள் அதை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், திரும்பச் சுற்றினாள். ஆனால் இழுக்கவில்லை. ஒவ்வொரு குலுக்கலிலும் திரும்பிப் பார்க்கவேண்டும் என்று என் கழுத்து துடித்தது. இரண்டு தரம் பார்த்தேன். மூன்றாவது தரம், "அம்மா, முன்னால பாருங்கோ" என்றாள்.

நிலையத்தின் சுவர் ஒரு பக்கம் இடிந்திருந்தது. ரிக்கற் கொடுக்கிற யன்னல் மட்டும் அப்படியே இருந்தது. ஸ்ரேசன்காரர் உள்ளே போய், யன்னலுக்குப் பின்னால் நின்று, பூவரசம் இலைகளைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளை வரிசைப்படுத்தினார். ஒவ்வொரு இலையிலும் அந்தக் குறடால் துளை போட்டுக் கொடுத்தார். சேறு காய்ந்த காற்சட்டையோடு, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், கடமையாகச் செய்தார். என் மகளின் முறை வந்தது.

"எங்க போகவேணும்?"

"வீட்டை."

"முழு ரிக்கற்றோ, அரை ரிக்கற்றோ?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தானே முடிவெடுத்து, "முழு" என்றாள். அவர் இன்னொரு துளையும் போட்டுக் கொடுத்தார்.

அந்தச் சமாதானம் அதிக நாள் நிற்கவில்லை. அடுத்த வருடம் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது, அதே கரியரில், அதே பலகையில், அதே முடிச்சோடுதான் அவளை ஏற்றிக்கொண்டு போனேன். அப்போது அதைக் கட்டுவதற்கு நான் ஒருதரமும் யோசிக்கவில்லை.

சுற்றுப் போன அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலுக்கு வந்து சைக்கிளை நிறுத்தினேன். இறங்கு என்று நான் சொல்லவில்லை. அவள் இலையை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் நுனிகளை இழுத்து, நிலத்தில் குதித்து, குசினிப் பக்கமாக ஓடினாள். பசிக்கிறதாம்.